மண்ணெண்ணெய்க் கணக்கும் வகுப்பறை வரவும்

ஓர் ஆண்டுக்கு 8,760 மணித்தியாலங்கள். அதில் ஒரு பிள்ளை பாடசாலைக்குள் இருப்பது எவ்வளவு? காலை 7.30க்கு மணி அடித்து மதியம் 1.30க்குக் கலைந்தால் 6 மணித்தியாலங்கள். பாடசாலை நாட்கள் 200 என்று தாராளமாக வைத்தாலும் 1,200 மணித்தியாலங்கள். நூற்றுக்கு 14கூட வராது. மிச்சம் 86 பங்கும் வீட்டிலும் ஒழுங்கையிலும் கடற்கரையிலும் கழிகிறது. பரீட்சைப் பெறுபேறு வெளிவந்ததும் நாம் பேசுவதெல்லாம் அந்த 14 பங்கைப் பற்றித்தான். அதிபர் சரியில்லை, கணித ஆசிரியர் போதாது, பிள்ளைக்குக் கவனமில்லை என்கிறோம். 86 பங்குக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையிலுள்ள வல்வெட்டித்துறையை முன்வைத்து அந்தக் கணக்கை எழுதிப் பார்க்கிறேன்.

ஊரைப் பற்றி முதலில் ஒன்று சொல்லவேண்டும். வல்வெட்டித்துறை ஏழை ஊர் என்று பெயரெடுத்த ஊர் அல்ல. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கப்பலோட்டிகளும் வணிகர்களும் வாழ்ந்த ஊர். இன்று இலண்டனிலும் கனடாவிலும் வல்வையர், அதாவது இந்த ஊரவர், ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தைப்பொங்கல் பட்டத் திருவிழாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்தச் செழிப்புத்தான் கணக்கைக் குழப்புவது. வெளிநாட்டுக் காசு வருகிற வீடும், அன்றன்றைக்குக் கடலை நம்பிய வீடும் ஒரே ஒழுங்கையில் இருக்கின்றன. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். சராசரி எடுத்தால் ஊர் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சராசரி என்று ஒரு பிள்ளை எந்த வகுப்பிலும் இல்லை.

கடலை நம்பிய வீட்டின் செலவுக் கணக்கு மண்ணெண்ணெயில் தொடங்குகிறது. கரையோரச் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2021 டிசெம்பரிலிருந்து ஒரு லீற்றர் 87 ரூபாய். நாடு வங்குரோத்தாகி, 2022இன் நடுப்பகுதியில் அந்த விலைக்கு எண்ணெயே கிடைக்காமல் கலன்களோடு வரிசையில் நின்ற பிறகு, 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவில் விலை 340 ரூபாய் ஆயிற்று. ஒரே இரவில் 253 ரூபாய் ஏற்றம். 2024 ஒக்டோபரில் 183க்கு இறங்கியது. அதுவும் பழைய விலையின் இரு மடங்குக்கு மேல்.

இதைப் படகுக் கணக்காக மாற்றுவோம். ஒரு தடவை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தையும் தூரத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். 87 ரூபாய்க் காலத்தில் அது 1,740 ரூபாய். 340 ரூபாய்க் காலத்தில் 6,800 ரூபாய். வித்தியாசம் 5,060. மீன் பட்டாலும் படாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. பட்ட மீனை விற்ற காசில் எண்ணெயைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள். ஆகவே விலையேற்றத்தின் முழுப் பாரமும் பங்குக்குப் போகிறவரின் கையில் இறங்குகிறது. படகும் வலையும் சொந்தமில்லாத, கையுழைப்பை மட்டும் கொண்டுபோகிற ஆளுக்குச் சில நாட்களில் வீட்டுக்குக் கொண்டுவரக் கறிக்கு நாலு மீன்தான் மிஞ்சும்.

எத்தனை நாள் போகலாம்? தமிழ்நாட்டின் இழுவைப் படகுகள், இங்கே நாங்கள் றோலர் என்று சொல்பவை, வழக்கமாகத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாட்கள் புறப்பட்டு எங்கள் கடலுக்குள்ளும் வருகின்றன. இலங்கை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. சட்டம் கடலில் கோடு போடவில்லை. விரித்த வலை றோலரில் அகப்பட்டு அறுந்துபோகும் என்ற பயத்தில், வலையைக் காப்பாற்ற நினைக்கிறவர் அந்த இரவுகளில் கடலுக்குப் போகத் தயங்குவார். ஏழில் மூன்று போனால் மிச்சம் நான்கு, மாதத்துக்கு 16 இரவுகள். 16 இரவுக்கான எண்ணெய் பழைய விலையில் 27,840 ரூபாய், புதிய விலையில் 108,800 ரூபாய். மாதத்துக்கு 80,960 ரூபாய் கூடுதலாக எரிந்தது. 2022 ஜனவரி இறுதியில் வடமராட்சி கிழக்கு வத்திராயனைச் சேர்ந்த இரு கடற்றொழிலாளர் கடலில் இறந்ததும், பெப்ரவரியில் பருத்தித்துறை வீதியில் மக்கள் இறங்கி மறித்ததும் இந்த றோலர் பிரச்சினையின் பின்னணியில் நடந்தவைதான். அந்த மறியலைச் செய்தியாகப் படித்தவர்களுக்கு அது கடற்றொழில் பிரச்சினை. வீட்டில் இருந்த பிள்ளைக்கு அது சாப்பாட்டுப் பிரச்சினை, கொப்பிப் பிரச்சினை, அப்பாவும் அம்மாவும் சண்டை பிடிக்கிற பிரச்சினை.

இதன்மேல் வாடைக்காலம் வருகிறது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். படகு கரையில் கிடக்கும் நாட்கள் கூடும். பாடசாலை ஆண்டு நெடுங்காலமாகத் தையில் தொடங்கி வந்தது. புதுக் கொப்பி, புதுச் சப்பாத்து, புத்தகப்பை, பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம் என்று எல்லாம் ஒன்றாகக் கேட்கிற மாதமும், கடல் ஒன்றும் தராத மாதமும் ஒன்றே. அரச உத்தியோகத்தருக்கு மாதச் சம்பளம் உண்டு. வயல்காரருக்கு அறுவடை பார்த்திருக்கலாம். கடற்றொழிலாளிக்கு ஆண்டின் மிகப் பெரிய கல்விச் செலவு ஆண்டின் மிக மெலிந்த வாரங்களில் வந்து விழுகிறது. பிள்ளை முதல் வாரம் பள்ளிக்கூடம் போகாமல் நிற்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. “சப்பாத்து வாங்கினதும் விடுறன் ரீச்சர்” என்று தாய் சொல்வதை வடமராட்சிக் கரையில் ஆசிரியராக இருந்த எவரும் கேட்டிருப்பார்.

இனி வீட்டு வரவு. 2023 யூலையில் சமுர்த்தி என்ற அரச நலன்புரித் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. வறியவர் என்று வகைப்படுத்திய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபாய், மிக வறியவருக்கு 15,000 ரூபாய். 2025இலிருந்து அவை 10,000, 17,500 ஆயின. ஐந்து பேர் உள்ள வறிய வீடு ஒன்றை எடுப்போம். 8,500ஐ ஐந்தால் வகுத்தால் 1,700. அதை 30 நாளால் வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 57 ரூபாய். கூட்டிய தொகையிலும் 67 ரூபாய்தான். இதே அரசு பாடசாலைப் பகலுணவு ஒன்றுக்கு 2024இல் ஒதுக்கியது 110 ரூபாய். ஒரு சிறு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 110 வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்த அரசுக்கு, அந்தப் பிள்ளையின் முழு நாளுக்கும் 57 போதாது என்று தெரியாமல் இருக்க முடியாது. உதவித்தொகை முழு வருமானம் அல்ல, ஒரு கைகொடுப்புத்தான் என்பதை ஏற்கிறேன். ஆனால் கடலுக்குப் போகாத மாதத்தில் அந்தக் கைகொடுப்பே முழு வருமானமாகிவிடுகிறது.

தேவை எவ்வளவு? 2019இல் அரசு வகுத்த வறுமைக்கோடு ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய். 2022 முடியும்போது அது 13,000ஐத் தாண்டியிருந்தது. ஐந்து பேருக்கு 65,000 ரூபாய். 8,500 அதில் நூற்றுக்கு 13. மீதி 87 பங்கையும் கடலோ கூலியோ கடனோ தரவேண்டும். விலை ஏறிய வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஓர் ஆண்டுக்கு முன் 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 1,949 ரூபாய் கொடுக்கவேண்டியிருந்தது. பங்குக் காசு அப்படி ஏறவில்லை. ஏறவேண்டிய நேரத்தில்தான் இறங்கியது.

விளக்கு எரிகிற கணக்கு தனியானது. மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கிற வீடு, அதாவது இரண்டு மூன்று மின்குமிழும் ஒரு விசிறியும் உள்ள வீடு, 2022 ஓகஸ்டுக்கு முன் 105 ரூபாய் கட்டியது. ஓகஸ்டில் அது 360 ஆயிற்று. 2023 பெப்ரவரியில் 1,300. ஆறு மாதத்தில் பன்னிரண்டு மடங்கு. யூலையில் 450க்கு இறக்கினார்கள். இடைப்பட்ட மாதங்களில் கட்ட முடியாதவர்களின் இணைப்பு வெட்டப்பட்டது. 2023இல் மட்டும் நாடு முழுவதும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. இணைப்பு இல்லாத வீட்டில் பிள்ளை எதை வைத்துப் படிக்கும்? குப்பி விளக்குக்கும் அதே விலையேறிய மண்ணெண்ணெய்தான் வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிற பிள்ளையை எழுப்பி நிறுத்துமுன் இந்த 1,300ஐ நினைக்கவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்காக ஆறு மாவட்டங்களில் நடந்த ஆய்வில், முந்திய தவணையில் ஏதோ ஒருவகை உடல் தண்டனை பெற்றதாக 80.4 சதவீத மாணவர் சொன்னார்கள். அடிக்குப் பயந்து நிற்கிற பிள்ளையின் பெயருக்கு எதிரே பதிவேட்டில் விழுவது ‘சமுகமளிக்கவில்லை’ என்ற அடையாளம் மட்டும்.

கல்வி இலவசம்தானே என்று கேட்கலாம். அக்காலக் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியில் 1945இல் கட்டணம் போயிற்று. 1980இலிருந்து பாடநூல் இலவசம். 1993இலிருந்து சீருடைத் துணி இலவசம். இவை மூன்றும் இல்லாவிட்டால் வல்வெட்டித்துறையின் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். அதை நன்றியோடு சொல்கிறேன். நெருக்கடிக் காலத்தில் சீருடைத் துணிகூடச் சீனாவிலிருந்து வந்தது. 2023இல் தேவையின் 70 சதவீதம், 2024இல் 80 சதவீதம், 2025இல் முழுவதும். ஆனால் துணி இலவசமானாலும் தையற்கூலி இலவசமல்ல. பாடநூல் இலவசமானாலும் கொப்பி இலவசமல்ல. வகுப்பறை இலவசமானாலும் ரியூசன் இலவசமல்ல, அந்த ரியூசன் இல்லாமல் பாடத்திட்டம் முடிவதுமில்லை. ஒரு பாடத்துக்கு மாதம் 1,000 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் நான்கு பாடத்துக்கு 4,000 ரூபாய். தொடக்கத்தில் கிடைத்த 8,500 ரூபாய் அஸ்வெசுமவில் அது நூற்றுக்கு 47. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால் உதவித்தொகையின் பெரும்பகுதி அதிலேயே முடிந்துபோகும். ஆகையால் ஒரு பிள்ளை ரியூசனுக்குப் போகும், மற்றப் பிள்ளை நிற்கும். யார் நிற்பது என்பதை அம்மா அடுப்படியில் முடிவுசெய்கிறாள். எந்தக் கல்விக் கொள்கைக்கும் அந்த முடிவு தெரியாது.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் எடுத்த ஆய்வு இதை நாடளவில் சொல்கிறது. 60.5 சதவீத வீடுகளில் வருமானம் குறைந்திருந்தது. 91 சதவீத வீடுகளில் செலவு கூடியிருந்தது. 3 முதல் 21 வயது வரையுள்ள மாணவர்களில் 54.9 சதவீதத்தினரின் கல்வி நெருக்கடியால் பாதிக்கப்பட்டிருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் புத்தகப்பை, சீருடை போன்றவற்றைப் புதிதாக வாங்குவதை நிறுத்தினார்கள், அல்லது பழையதையே பாவித்தார்கள். கல்வி இதனால் பாதிக்கப்படுமா என்று கேட்பவர் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். எழுதி முடித்த பழைய கொப்பியின் மிச்சப் பக்கங்களில் கணிதமும் தமிழும் சுற்றாடலும் கலந்து எழுதுகிற பிள்ளையின் கொப்பியை ஒருநாள் திருத்திப் பாருங்கள். பரீட்சைக்கு முதல் நாள் அந்தப் பிள்ளை எதைத் தேடிப் படிக்கும்?

வராத நாட்களின் கணக்குத்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பத்து நாளில் ஒரு நாள் நிற்கிற பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு 20 நாள். ஒரு நாளுக்கு 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 160 பாடவேளைகள். பின்னம் படிப்பித்த வாரத்தில் இரண்டு நாள் நின்றால், அதன்பின் வருகிற சதவீதம், விகிதம், அட்சரகணிதம் எல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பாதி இருட்டு. முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை 11 ஆண்டுகளுக்குக் கூட்டினால் 220 நாள். ஒரு முழுப் பாடசாலை ஆண்டைவிடக் கூட. வாரத்தில் ஒரு நாள் நிற்கிற பிள்ளைக்கு அது 440 நாள், இரண்டு ஆண்டுக்கு மேல். க.பொ.த. சாதாரண தர மண்டபத்தில் எல்லோரும் ஒரே வினாத்தாளை எடுக்கிறார்கள். ஒருவர் 11 ஆண்டு படித்துவிட்டு எடுக்கிறார், மற்றவர் 9 ஆண்டு படித்துவிட்டு எடுக்கிறார்.

கடற்கரைப் பிள்ளை ஏன் நிற்கிறது? படகு கரைசேர்கிற நேரம் விடியற்காலை. வலையில் கொழுவின மீனைக் கழற்ற ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்தால் பங்கு குறையும். மகன் நின்றால் குறையாது. முதலாம் பாடவேளைக்கு மணி அடிக்கிறபோது அவன் கை இன்னும் வலைக்குள் இருக்கிறது. கட்டாயக் கல்வி வயதை 2016இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். 2021இலிருந்து வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 16. அப்பாவோடு கடற்கரைக்குப் போவதை வேலைக்கு அமர்த்துவது என்று யார் எழுதுவார்? பெண்பிள்ளைகளின் கணக்கு வேறு. அம்மா கருவாடு போடவோ கூலிக்கோ போனால், சின்னத் தம்பிக்குக் காய்ச்சல் வந்த நாளில் நிற்பது அக்கா. மாதவிடாய் நாட்களில் நிற்பவர்களும் உண்டு. 2024இல் 8 இலட்சம் மாணவிகளுக்கு அணையாடைக்கென 1,200 ரூபாய் வவுச்சர் கொடுக்கும் திட்டம் வந்தது. நல்ல திட்டம். மாதத்துக்குப் பிரித்தால் 100 ரூபாய்.

வயிற்றின் கணக்குக்கு வருவோம். நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற எடையில்லாதவர்கள் 2021இல் 12.2 சதவீதம், 2022இல் 15.3, 2023இல் 17.1. அன்றைக்கு எடை குறைந்த குழந்தைகள்தான் இப்போது ஒவ்வோர் ஆண்டாக முதலாம் தரத்துக்கு வருகிறார்கள். நெருக்கடி முடிந்துவிட்டது என்று பத்திரிகையில் எழுதலாம். வகுப்பறைக்குள் அது இப்போதுதான் நுழைகிறது. இன்னும் பத்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு வகுப்பாக ஏறிப் போகும். 2024 மார்ச்சிலிருந்து பகலுணவு ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும், ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கு, விரிக்கப்பட்டது. ஐந்தாம் தரம் வரை சாப்பாடு உண்டு. ஆறாம் தரத்துக்குப் போனதும் பொதுவாக இல்லை. பாடம் மூன்று மடங்கு கனக்கிற, உடம்பு வேகமாக வளர்கிற அந்த வயதில் கோப்பையை எடுத்துவிடுகிறோம். இடைவிலகல் ஆறிலிருந்து பதினொன்றுக்குள் நடக்கிறது என்று அதிகாரிகள் கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கவலையோடு இந்தக் கோப்பையையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

மனத்துக்கும் எண்கள் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் சில வாரங்களில் மூன்று கரையோரங்களில் 264 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்று நம் வடமராட்சி கிழக்கு மணற்காடு. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மன வடு நோயின் அளவு இடத்துக்கிடம் 14இலிருந்து 39 சதவீதம் வரை இருந்தது. 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் வடக்குக் கிழக்கின் 296 தமிழ் மாணவர்களிடம் கேட்டார்கள். 82.4 சதவீதத்தினர் போர்ச் சம்பவம் ஒன்றையாவது அனுபவித்திருந்தனர். 95.6 சதவீதத்தினர் வீட்டுக்குள் ஏதோ ஒருவகை வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். போரைவிட வீடு பெரிய எண்ணைக் காட்டியது என்பதை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பனின் குடிக்கும் அந்த வன்முறைக்கும் தொடர்பு இருப்பதையும் ஆய்வு காட்டியது. வன்னி மாணவர் 420 பேரை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, நால்வரில் ஒருவருக்கு மன வடு நோய் இருப்பதையும், அப்படிப்பட்டவர்களின் ஞாபகசக்திச் சோதனையிலும் பாடசாலைப் புள்ளிகளிலும் அதன் தாக்கம் தெரிவதையும் பதிவுசெய்தது. இவை போர்க்காலத்து எண்கள். இன்று குண்டு இல்லை. ஆனால் வட்டிக்காரன் வாசலில் நிற்கிற இரவில் அறைக்குள் படுத்திருக்கிற பிள்ளையின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பதற்குப் புதிய ஆய்வு தேவையில்லை. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர், நுண்கடன் வட்டி 220 சதவீதம் வரை போனதைப் பதிவுசெய்தார். மத்திய வங்கி அந்த ஆண்டின் இறுதியில் 35 சதவீத உச்ச வரம்பு போட்டது. ஊருக்குள் கைமாற்றாக ஓடுகிற வட்டிக்கு வரம்பு இல்லை.

பணநெருக்கடி பெரியவர்களின் புத்தியையே எப்படித் தின்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்திலும், அறுவடைக்குப் பின் காசு வந்த நேரத்திலும் அதே ஆட்களுக்குப் புத்திச் சோதனை வைத்தார்கள். முன்னர் சராசரி 4.35 விடை சரி. பின்னர் 5.45. ஆள் ஒன்று, மூளை ஒன்று. காசு இல்லாத கவலை மட்டும் நான்கில் ஒரு பங்கு அளவு வேறுபாட்டை உண்டாக்கியது. வாடைக்காலத்தில் அடகுக் கடைக்குப் போய் வந்த தாய், மாலையில் பிள்ளைக்கு நெடும்பிரித்தல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் அவளால் எப்படி முடியும்?

அந்தத் தாய் தகப்பனின் படிப்பையும் கணக்கில் எடுக்கவேண்டும். 1985இல் முதலாம் வகுப்புக்குப் போன வல்வெட்டித்துறைப் பிள்ளை ஒழுங்காகப் போயிருந்தால் 1995இல் பதினோராம் வகுப்பு. அந்த 11 ஆண்டுகளுக்குள் நடந்தவை: 1987 மே 26இல் வடமராட்சிப் படையெடுப்பு. அதே ஆண்டு ஒக்டோபரில் இந்தியப் படையுடனான போர். 1989 ஓகஸ்ட் 2, 3ஆம் திகதிகளில் இந்த ஊருக்குள்ளேயே 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு, 100க்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 1990 யூனில் மீண்டும் போர். மின்சாரம் இல்லை, சவர்க்காரத்துக்கும் மின்கலத்துக்கும் தடை. கடலில் தொழிலுக்குத் தடை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்து வந்து வடமராட்சிப் பாடசாலைகள் அகதி முகாம்களாகின. அந்தப் பிள்ளைக்கு இன்று வயது 45ஐத் தாண்டிவிட்டது. பத்தாம் தரத்தில் படிக்கிற பிள்ளையின் தாயோ தகப்பனோ அவர்தான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் குறை சொல்லும்போது, அந்தப் பெற்றோரின் வகுப்பறையை யார் எரித்தார்கள் என்பதை மறந்துபோகிறோம். கடன் அடுத்த தலைமுறைக்கு மாறுவதுபோல, படிக்காமல் போன பாடமும் மாறுகிறது.

கூட்டுத்தொகை எங்கே தெரிகிறது? 2024க்குரிய சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு 2025 யூலையில் வந்தது. நாட்டில் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் 73.45 சதவீதம். தென் மாகாணம் 75.64 சதவீதத்தோடு முதலிடம். வட மாகாணம் 69.86 சதவீதத்தோடு ஒன்பதில் ஒன்பதாவது. உடனே ஆசிரியர்களைத் திட்டினோம், பெற்றோரைத் திட்டினோம், கைத்தொலைபேசியைத் திட்டினோம். 2016இல் நாட்டின் வறுமை 4.1 சதவீதமாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் 7.7, முல்லைத்தீவில் 12.7, கிளிநொச்சியில் 18.2. பெறுபேற்று அட்டவணையையும் வறுமை அட்டவணையையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கூட்டத்தை நான் காணவில்லை. ஆசிரியருக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல வரவில்லை. ஏழை வீட்டிலிருந்து வந்து ஒன்பது ‘ஏ’ எடுக்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்கள் பின்னால் ஓர் ஆசிரியரின் கை எப்போதும் இருக்கும். அந்தப் பிள்ளைகளைக் காட்டி மற்றவர்களைக் குற்றம் சொல்வதுதான் பிழை.

உதவி வருகிறது. ஆனால் உதவி புள்ளியைத் தேடிப் போகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தாண்டிய வறிய மாணவருக்கு நெடுநாள் மாதம் 750 ரூபாய் கிடைத்தது. 2025 வரவுசெலவில் அதை 1,500 ஆக்கினார்கள். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி கீழே நின்ற பிள்ளைக்கு அது இல்லை, தேவை அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக இருந்தாலும். ஊருக்கு வெளியே இருக்கிற நம்மவர்களின் உதவியும் பெரும்பாலும் அதே வழி. சிறந்த பெறுபேற்றுக்குப் பரிசு, பதக்கம், மடிகணினி. நம்மவர்கள் நடத்துகிற சிதம்பரா கணிதப் போட்டி போன்றவை பிள்ளைகளுக்குக் கணிதத்தின்மேல் ஆசையை ஊட்டுகின்றன, அவை தொடரவேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தலைப்பில் செலவு வேண்டும்: பிள்ளை பாடசாலைக்கு வருவதற்கான செலவு.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2022 செப்டெம்பர் 15இல் 1,545 பாடசாலைகளில் 1,14,095 பிள்ளைகளுக்குக் காலையுணவு தொடங்கினார்கள். ஓர் ஆண்டுக்குள் அதை 31,000 பாடசாலைகளுக்கு விரித்தார்கள். தொடக்கத்தில் சேர்ந்த பாடசாலைகளில் 1,543ஐ மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்தபோது 1,319இல் வரவு கூடியிருந்தது. புதிய பாடத்திட்டம் இல்லை, புதிய கட்டடம் இல்லை. உப்புமாவும் பொங்கலும்.

வல்வெட்டித்துறைக்குக் கணக்குப் போடுவோம். ஆறாம் தரத்துக்கு மேல் மிகவும் கஷ்டப்படுகிற 100 பிள்ளைகளை ஊர்ப் பாடசாலைகளின் வகுப்பாசிரியர்கள் இரகசியமாகத் தெரிவுசெய்யட்டும், பெயர் வெளியே வரவேண்டாம். ஒரு காலையுணவுக்கு அரசின் அதே 110 ரூபாய். 200 நாளைக்கு ஒரு பிள்ளைக்கு 22,000 ரூபாய், 100 பிள்ளைக்கு 22 இலட்சம் ரூபாய். ஒரு பவுணுக்கு ஏறத்தாழ 400 ரூபாய் என்று வைத்தால் 5,500 பவுண். இலண்டனில் 110 வல்வைக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆளுக்கு 50 பவுண் போட்டால் முடிந்தது. அதோடு தை மாதத்துக்கு முன், மார்கழி நடுப்பகுதியில், கொப்பியும் சப்பாத்தும் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். அஸ்வெசுமப் பிள்ளைகளுக்கு அரசு 2025இல் 6,000 ரூபாய் எழுதுகருவிப் பணம் கொடுத்தது. அது கடையில் சாமான் வாங்கவேண்டிய கிழமைக்கு முன் கையில் கிடைத்தால்தான் பயன். மூன்றாவதாக, காலையில் வலை கழற்றிவிட்டுப் பிந்தி வருகிற பையனைப் பாடசாலைகள் வாசலில் நிறுத்தாமல் உள்ளே எடுக்கவேண்டும். அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

வல்வை நலன்புரிச் சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்பது இதுதான். அடுத்த பரிசளிப்பு விழாவுக்குத் தொகை ஒதுக்குமுன், அதிபரிடம் ஒரு தவணைக்குரிய வரவுப் பதிவேட்டைக் கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒரு தவணையில் 10 நாளுக்கு மேல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்ணை 22,000ஆல் பெருக்கி, வருகிற தொகையை உங்கள் வரவுசெலவில் முதல் வரியாக எழுதுங்கள்.